கேள்விக்குப் பின் வரும் மௌனம்

அன்பு நண்பா,

நலம்தானே? நான் நலம். நீ எட்டாம் வகுப்புக்கு ஆசிரியராக மாறியிருப்பதையும், பிள்ளைகள் வாய் திறப்பதே இல்லை என்பதால் பதில் சொல்பவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டிப் பரிசு கொடுக்க எண்ணியிருப்பதையும் உன் கடிதத்தில் படித்தேன். அதைத் தொடங்குமுன் கொஞ்சம் பொறுத்துப் பார் என்று சொல்லவே உடனே எழுதுகிறேன்.

லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர் மூவர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள சிறு பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். பின்னர் பரிசுப் பேச்சே இல்லாமல் விளையாட விட்டபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. துளியும் பிடிக்காத பாடத்தில் நுழைவதற்கு அது உதவக்கூடும். ஆனால் உன் பிள்ளைகளுக்குக் குறைவது விருப்பமன்று, யோசிக்கும் நேரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பொதுவாக 1 விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதை, மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கொண்டு காட்டினார். அதை 3 விநாடிக்கு நீட்டினாலே பதில்கள் நீள்கின்றன, தெரியாது என்பது குறைகிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். மாணவர் சொல்லி முடித்த பின்னும் அதேபோல் காத்திருக்க வேண்டும் என்றார் அவர். நாம் பெரும்பாலும் மறப்பது இந்த இரண்டாவது மௌனத்தைத்தான்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். முக்கால் பெரியதா, மூன்றில் இரண்டு பெரியதா என்று கேட்டுவிட்டு நின்றேன். முன்வரிசைக் கைகள் உடனே எழுந்தன. நான் யாரையும் அழைக்கவில்லை. சற்று நேரத்தில், எப்போதும் தலைகுனிந்தே இருக்கும் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, "முக்கால்தான்" என்றாள். சரி என்று நான் அப்போதே தலையசைத்திருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். நான் பேசாமல் இருக்கவே, "முக்கால் முழுதாவதற்குக் கால்தான் குறைகிறது, மற்றதற்கு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, கால் அதைவிடச் சிறியதுதானே" என்று தானாகவே விளக்கினாள். இரு பின்னங்களின் கீழ் எண்களையும் ஒன்றாக்கி ஒப்பிடும் பொதுப் பகுதி முறையை மட்டுமே நான் கற்பித்திருந்தேன். இந்த வழி அவள் கண்டது. அவள் முகத்தில் அன்று தெரிந்த நிமிர்வை எந்த நட்சத்திரத்தாலும் கொடுத்திருக்க முடியாது.

பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காதே. மற்றவர்கள் அந்தக் கணமே யோசிப்பதை விட்டுவிடுவார்கள். கேள்வியை எல்லோருக்குமாகக் கேட்டு, காத்திருந்து, அதன் பிறகு பெயரைச் சொல். தவறான பதில் வந்தால், அதை எப்படி அடைந்தாய் என்று, சரியான பதிலுக்குக் கேட்கும் அதே குரலில் கேள். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இது கடினம் என்பதை நான் அறிவேன். அந்த மௌனம் பிள்ளைகளைவிட நம்மைத்தான் அதிகம் தவிக்க வைக்கிறது. ஆனாலும் பாதிப் பாடத்தையாவது அவர்கள் தாமே யோசித்துக் கற்பது, முழுப் பாடத்தையும் நாம் ஒப்பித்து முடிப்பதைவிட மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நட்சத்திரங்களைச் சில வாரங்கள் தள்ளிவைத்து இதைச் செய்து பார்த்துவிட்டு, முதலில் வாய் திறந்தது யார், எந்தக் கேள்விக்கு என்று விவரமாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்