‘போலீஸ் தரம்’ என்று விற்ற பிஸ்டலின் சோதனை அறிக்கை கேட்டு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: .32 பிஸ்டல் அடிக்கடி சிக்குவது. சோதனை அறிக்கை கோருவது.

ஐயா,

வணக்கம். நான் தமிழ்நாடு காவல்துறை ஆயுதப்படையில் ஆர்மரராக (துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்ப்பவராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தற்காப்பு உரிமத்தில் உங்கள் .32 பிஸ்டலை வாங்கினேன். ‘போலீஸ் தரத்துக்குச் சோதிக்கப்பட்டது’ என்று உங்கள் விளம்பரக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

ரைஃபிள் கிளப் ரேஞ்சில் முதல் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) தீர்வதற்குள்ளேயே, சுட்ட தோட்டாவின் காலி கேஸ் வெளியே தெறிக்காமல், பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடில் நட்டுக்கொண்டு நின்றது. அப்புறம் அடுத்த ரவுண்டு (தோட்டா) குழலின் பின்முனையில் உள்ள சேம்பருக்குள் ஏறாமல் நின்றது. உங்கள் சேவைப் பிரிவில் கேட்டால், தோட்டா சரியில்லை, இல்லாவிட்டால் நான் பிடித்த பிடி தளர்ந்திருக்கும் என்கிறார்கள். அதே பெட்டித் தோட்டா கிளப் உறுப்பினர் ஒருவரின் பழைய பிஸ்டலில் ஒரு தடையும் இல்லாமல் ஓடியது. என் பிஸ்டலை அவர் சுட்டபோதும் சிக்கியது.

இந்த ரவுண்டின் அடி விளிம்பு உடம்பைவிடச் சற்று வெளியே நீட்டியிருக்கும். மேகசினில் மேல் ரவுண்டின் விளிம்பு கீழ் ரவுண்டின் விளிம்புக்குப் பின்னால் இறங்கிவிட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ரவுண்டு ஏறாததற்கு இதுதான் காரணமாக இருக்கும், மேகசின் வடிவமைப்பைப் பாருங்கள் என்று எழுதியும் கொடுத்தேன். பதில் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எத்தனை ரவுண்டு சுட்டுச் சோதித்தீர்கள், அதில் எத்தனை முறை சிக்கியது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டத்தில் இதற்குத் தெளிவான அளவு இருக்கிறது. ஒரே மாடலில் மூன்று துப்பாக்கிகள். ஒவ்வொன்றும் 600 ரவுண்டு சுட வேண்டும். முதல் 20 ரவுண்டில் ஒரு தடைகூட வரக்கூடாது, மொத்தத்தில் ஆறுக்கு மேல் போகக்கூடாது. தோட்டாவால் வரும் தடை கணக்கில் சேராது. சுடுபவருக்கு ஆபத்து வரும்படி எந்தப் பாகமும் விரிசல் விடவோ உடையவோ கூடாது. இத்தனைக்கும் அது கடையில் பொதுமக்களுக்கு விற்கும் பிஸ்டலுக்கான அளவு. போலீஸ் தரம் என்று சொல்பவர்கள் அதையாவது தாண்டியிருக்க வேண்டாமா?

கீழே விழுந்தாலும் வெடிக்காது என்றும் கையேட்டில் இருக்கிறது. எந்த உயரத்திலிருந்து, எந்தத் தரையில் போட்டுப் பார்த்தீர்கள்? அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் சங்கத்தின் சோதனையில் நான்கு அடி உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பின்மேல் போடுகிறார்கள். கலிபோர்னியாவில் ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து வெறும் கான்கிரீட்டில். இரண்டும் ஒன்றல்ல.

இங்கே உரிமத்தில் குறித்த அளவுக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. அதனால் 600 ரவுண்டு சுட்டு நானே பரிசோதித்துக்கொள்ள வழியில்லை. உங்கள் அறிக்கை ஒன்றுதான் எனக்கு ஆதாரம். உயிர் போகிற நேரத்தில் கையில் எடுக்கும் பொருளை வெறும் விளம்பர வாசகத்தை நம்பி இடுப்பில் செருக என்னால் முடியாது.

சோதனை அறிக்கையின் நகலை அனுப்புங்கள். மேகசினையும், காலி கேஸை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் மாற்றி, என் முன்னால் சுட்டுக் காட்டுங்கள். சரியாகாவிட்டால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இது கூரியரில் போட்டு அனுப்பும் பொருளல்ல, ஆகவே உரிமம் பெற்ற உங்கள் விற்பனையாளர் மூலம் ஏற்பாடு செய்யவும். 30 நாளில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி தவறான விளம்பரம் என்று மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், கையேட்டின் முதல் பக்கம், சிக்கிய நிலையில் எடுத்த படங்கள்.