வேடுவர் ஆவணப்படங்களும் தொலைந்துபோகும் ஒலியும்

ஆசிரியர் அவர்கட்கு,

இலங்கையின் ஆதிகுடிகளான வேடுவரைப் பற்றிப் பரீட்சார்த்த ஆவணப்படம் எடுக்கப் புறப்படும் மாணவர்கள் கமராவுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட ஒலிக்குக் கொடுப்பதில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

வேடுவரின் கிரிகொரகா சடங்கை எடுத்துக்கொள்வோம். தேங்காய்ப்பால் வைத்த பாத்திரத்தைச் சுற்றி ஆடி, வேட்டைக்குத் துணைநிற்கும் ஆவியான கந்தே யக்காவை அழைப்பார்கள். காலடியை நடத்துவது பாட்டுத்தான். மெதுவாக ஓடும் அழகுக்காக அதை விநாடிக்கு 120 பிரேமில் எடுத்தால், பல கமராக்கள் அந்த வேகத்தில் ஒலியையே பதியாது. பிறகு அந்த வெறுமையை நிரப்ப எங்கிருந்தோ ஒரு புல்லாங்குழல் வந்து சேரும். ஒலி இருந்தாலும், மொழி தெரியாத தொகுப்பாளர் பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டுவார். யாரை அழைக்கிறார்கள் என்பதே அறுந்துபோகும்.

கமரா வட்டத்துக்கு வெளியே முக்காலியில் நிற்கட்டும். 25 பிரேம், தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டில்லாத ஒரே ஷொட். தனி ரெக்கோடர் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் ஓடட்டும். படத்தோடு பொருத்த, சடங்கு தொடங்குமுன்பே ஒரு கைதட்டல் போதும். ஆட்டம் ஓய்ந்தபின் அந்த இடத்தின் வெறுஞ்சத்தத்தையும் இரண்டு நிமிடம் பதியுங்கள். இந்த முழுப்பதிவின் பிரதி கிராமத்துக்குப் போகவேண்டும். உங்கள் படத்தில் அதை எப்படியும் உடைத்துப் பாருங்கள், தடையில்லை.

ஒருவர் முகத்தின்மேல் இன்னொருவர் குரலை ஏற்றும் உத்தியும் உண்டு. கொழும்பு அரங்கில் அது கவித்துவம். வேடுவர் கிராமமான தம்பானையில் அது யார் குரல் என்று எல்லோருக்கும் தெரியும், வெளியாருக்கோ முகம்தான் தெரியும். பக்கத்துக் காடான மாதுறு ஓயா 1983இல் தேசிய பூங்காவானது முதல் அங்கே வேட்டை குற்றம். வேட்டைப் பேச்சைத் தப்பான முகத்தில் ஒட்டினால் வினை அந்த முகத்துக்குரியவருக்கு. ஆகவே படப்பிடிப்புக்கு முன் வாங்கும் ஒப்புதல் போதாது. முதல் தொகுப்பைக் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டி, முகத்துக்கும் குரலுக்கும் தனித்தனியே சம்மதம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. கிழக்கே வாகரைப் பக்கத்துக் கரையோர வேடுவர் பேசுவது தமிழ்; மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் அவர்கள் தொழில். தமிழ் மாணவர்களுக்கு அங்கே மொழிபெயர்ப்பாளரே தேவையில்லை, படத்தொகுப்பிலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். இருந்தும் எல்லோரும் தம்பானைக்குப் போக மகியங்கனைக்கே பஸ் ஏறுகிறார்கள். தோளில் கோடரி இல்லாவிட்டால் வேடுவராகத் தெரியவில்லையோ என்னவோ!

இங்ஙனம்,
ஆவணப்படப் பயிற்றுநர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06