'நாடோடி மன்ன'னுக்கு ஐந்து வருஷம் முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நடிகர்களாக இருந்து இயக்குநர் ஆனவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை உட்கார்ந்த இடத்தில் படித்து முடித்தேன். எம்.ஜி.ஆரில் தொடங்கி இன்றைய இளைஞர்கள் வரை வரிசையாக வந்திருக்கிறார்கள். உழைத்துத்தான் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பி.பானுமதி அத்தனை பக்கங்களில் ஒரே ஒரு வரியில் வந்து போகிறார். 'நாடோடி மன்னன்' படத்திலிருந்து பாதியில் விலகிய 'முன்கோபி' கதாநாயகி என்று. அந்த வரியைப் படித்த பிறகு கையிலிருந்த காபியைக் குடிக்கத் தோன்றவில்லை. பேத்தியை உட்கார வைத்து இதை டைப் அடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

'நாடோடி மன்னன்' வெளிவந்தது 1958இல். எம்.ஜி.ஆர் இயக்கிய முதல் படம் அது. பானுமதி 'சண்டிராணி'யை இயக்கியது 1953இல். அதாவது, அந்தப் படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழையும்போதே அவர் இயக்குநர். கதாநாயகனாக இருந்தவர்தான் அப்போது இயக்கத்துக்குப் புதியவர். கட்டுரையாளர் இந்த ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தால் அந்த வரியை வேறு மாதிரி எழுதியிருப்பார். எடுத்த காட்சிகளையே திரும்பத் திரும்ப எடுத்ததில் மனஸ்தாபம் வந்தது என்பார்கள். யார் பக்கம் நியாயம் என்று பஞ்சாயத்து பண்ண நான் வரவில்லை. படம் எப்படி எடுக்க வேண்டும் என்று தெரிந்த இரண்டு பேர் ஒரே தளத்தில் நின்றால் உரசத்தான் செய்யும். அவர் ஏற்றிருந்த மதனா பாத்திரத்தைக் கதையில் சாகடித்துவிட்டு, பிற்பாதிக்கு சரோஜாதேவியைக் கொண்டுவந்தார்கள். படம் பிரமாதமாக ஓடியது. அதுவும் உண்மைதான்.

'சண்டிராணி'க்கு வருகிறேன். தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் எடுத்த படம். கதாநாயகன் என்.டி.ராமராவ். பானுமதிக்கு இரட்டை வேடம், பாட்டும் அவரே, இயக்கமும் அவரே. பரணி பிக்சர்ஸ் என்ற அவருடைய சொந்த நிறுவனத்தின் படம். அப்போது அவருக்கு 28 வயதுகூட நிரம்பவில்லை. இன்றைக்கு இரட்டை வேடம் என்றால் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு லென்ஸில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு பக்கம் எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு பக்கம் எடுப்பார்கள். கேமரா ஒரு நூல் அசைந்தால் எல்லாம் வீண். அங்கே இல்லாத தன்னையே பார்த்துப் பேச வேண்டும், எதிர்ப்பக்கம் போய் நின்று அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். அப்புறம் கேமராவுக்குப் பின்னால் வந்து, சரியாக வந்ததா என்று யோசிக்க வேண்டும். அது முடிந்தால் அடுத்த மொழி. எனக்கு ஒரே சமயத்தில் சாம்பாரும் ரசமும் கொதித்தாலே ஒன்று பொங்கிவிடும்.

படம் மகா காவியம் என்று சொல்ல மாட்டேன். ராஜா ராணிக் கதைதான். ஆனால் 'வான் மீதிலே' பாட்டு இன்றைக்கும் இரவில் கேட்கச் சுகமாக இருக்கிறது. இசையமைத்துக்கொண்டிருந்த சி.ஆர்.சுப்பராமன் 1952இல் அகால மரணமடைய, எம்.எஸ்.விஸ்வநாதன் மீதி வேலையைச் செய்து முடித்தார். முதல் படம் இயக்கும் ஒரு பெண்ணுக்கு நடுவழியில் இசையமைப்பாளர் போய்விட்டார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒங்கோல் பக்கம் தொட்டவரம் என்ற ஊரில் 1925இல் பிறந்தவர் பானுமதி. 1939இல் 'வர விக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் நடிக்க வந்தபோது பதின்மூன்று வயதுச் சிறுமி. பி.எஸ்.ராமகிருஷ்ணாவை விரும்பி மணந்தார். கணவரும் இயக்குநர். மகன் பெயரில் பரணி பிக்சர்ஸ் தொடங்கினார்கள், சாலிகிராமத்தில் ஸ்டுடியோவும் கட்டினார்கள். இதையெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன், எந்தப் பழைய சினிமா புத்தகத்திலும் இருக்கும்.

எங்கள் வீட்டில் அம்மாவும் அத்தைமாரும் சினிமாவுக்குக் கிளம்பினால் "எம்.ஜி.ஆர் படம்", "சிவாஜி படம்" என்பார்கள். நடிகை பெயரில் சொன்ன ஒரே வகை "பானுமதி படம்". 'மலைக்கள்ளன்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'மதுரை வீரன்' மூன்றிலும் கதாநாயகன் எம்.ஜி.ஆர், ஆனால் என் அத்தைக்கு அவை பானுமதி படங்கள்தாம். "மத்தவளுங்க எல்லாம் அவர் பக்கத்துல நிக்கறாளுங்க, இவ எதுக்கால நிக்கறா" என்பாள். அத்தை மூன்றாம் வகுப்பு. அவள் ஒரே வாக்கியத்தில் செய்த விமர்சனத்தை நான் இதுவரை பத்திரிகைகளில் படித்ததில்லை.

இன்னொன்று. உங்கள் கட்டுரையில் ஆண் இயக்குநர் ஒருவர் தளத்தில் கோபப்பட்டால் 'கறாரானவர்' என்று எழுதியிருக்கிறது. பானுமதிக்கு 'முன்கோபி' என்ற பட்டம். 'மிஸ்ஸம்மா'வில் அவரை வைத்துச் சில காட்சிகள் எடுத்த பிறகு, தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. படம் கைவிட்டுப் போய், அந்த வேடத்தில் சாவித்திரி நடித்துப் பெரிய நட்சத்திரம் ஆனார். வேண்டுமானால் பிடிவாதம் என்று எழுதுங்கள். நானே ஒத்துக்கொள்வேன். ஆனால் அந்த வரிசையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே அகராதியை வைத்துக்கொள்ளுங்கள்.

'சண்டிராணி'யோடு அவர் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. 'சக்ரபாணி' படத்துக்கு இசையமைத்தார். தெலுங்கில் 'அத்தகாரி கதலு' என்று மாமியார் கதைகள் எழுதி, சிரிக்கச் சிரிக்கப் பெயர் வாங்கினார். குழந்தைகளை மட்டுமே நடிக்க வைத்து 1982இல் 'பக்த துருவ மார்க்கண்டேயா' எடுத்தார். 1980களின் நடுவில் சென்னை அரசு இசைக் கல்லூரியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது முதலமைச்சர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே எம்.ஜி.ஆர்தான். பாதியில் விலகினார் என்பதோடு கதையை முடித்துவிட்டால் இந்த இடம் வாசகருக்குக் கிடைக்காமல் போய்விடும்.

என் பேத்தி பானுமதியை 'செம்பருத்தி' படத்துப் பாட்டி என்றுதான் தெரிந்து வைத்திருந்தாள். டைப் அடிக்க உட்கார்ந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு 'சண்டிராணி'யைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அதனால்தான் கடிதம் இரண்டு நாள் தாமதம்.

அடுத்த இதழில் கொஞ்சம் இடம் இருந்தால் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படம் போடுவதானால் மாலையும் கிரீடமுமாக நிற்கும் படம் வேண்டாம். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பது ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.

பின்குறிப்பு: பானுமதிதான் முதல் பெண் இயக்குநர் என்று போட்டுவிடாதீர்கள், அதற்கும் நான் கடிதம் எழுத வேண்டியிருக்கும். 'காளிதாஸ்' நாயகி டி.பி.ராஜலக்ஷ்மி 1936லேயே 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்டார். அவரும் உங்கள் கட்டுரையில் இல்லை.