பின்னத்தின் பகுதியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய குடும்பநல ஆய்வின் எண்களை வைத்து மாவட்டவாரியாகச் செய்தி எழுதும் வழக்கம் தமிழ் நாளிதழ்களில் பெருகியிருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் பெரும்பாலான செய்திகளில் பின்னத்தின் தொகுதி மட்டுமே அச்சாகிறது. பகுதி, அதாவது எத்தனை பேரால் வகுத்து அந்த எண் வந்தது என்பது, விடுபட்டுப் போகிறது. அது தெரியாமல் போனால் சரியான எண்ணும் தவறான செய்தியாகிவிடும்.

இந்த ஆய்வை 1992-93 முதல் நடத்திவருவது மும்பை தேவனாரில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். இந்திய அரசும் ஐ.நா.வும் சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளையும் சேர்ந்து 1956-ல் ஒரு பயிற்சி, ஆய்வு மையமாகத் தொடங்கியது. 1985 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. முதுநிலை மாணவர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் படிக்கும் வளாகம் என்பதால், அங்கிருந்து வெளிவரும் எண்களின் பலமும் பலவீனமும் அதன் வகுப்பறைகளிலேயே அலசப்படுகின்றன.

ஐந்தாம் சுற்றில் (2019-21) நாடெங்கும் 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளும் 7,24,115 பெண்களும் கேட்கப்பட்டனர். பெரிய எண்தான். மாவட்டத்துக்கு என்று வகுத்தால் சுமார் 900 வீடு, 1,000 பெண்கள். அந்தப் பெண்களுக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகள் என்று பார்த்தால், பிறப்பு குறைந்த தமிழ்நாட்டு மாவட்டங்களில் சில நூறுதான் தேறும். 250 என்று வைத்துக்கொள்வோம். அதில் 132 ஆண், 118 பெண் என்றால் 1,000 ஆண் குழந்தைக்கு 894 பெண் குழந்தை. 250 பிறப்பில் எட்டுக் குழந்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வது வெறும் தற்செயலாகவே நடக்கும். நாணயத்தை 250 முறை சுண்டினாலும் அந்த அளவு ஏறி இறங்கும். ஆணுக்குப் பதில் எட்டுப் பெண் குழந்தை கூடினால் விகிதம் 1,016. எட்டு குறைந்தால் 786. கள்ளிப்பால் காலம் திரும்பிவிட்டதாகவோ பெண் குழந்தை காப்புத் திட்டம் வென்றுவிட்டதாகவோ இந்த எண்ணை வைத்துத் தலைப்புப் போட முடியாது. மாநில அளவில் ஐந்தாம் சுற்று காட்டிய 878 கவலைக்குரியது; முந்தைய சுற்றில் அது 954. ஆனால் அதைக்கூடப் பிறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகுதான் உறுதியாகப் பேச வேண்டும்.

மாவட்ட அறிக்கைத் தாளைத் திறந்தால் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சில இடங்களில் நட்சத்திரக் குறி மட்டும் இருக்கும். அடைப்புக்குறி என்றால் 25 முதல் 49 பேரை வைத்துக் கணக்கிட்டது, எச்சரிக்கையோடு பாருங்கள் என்று பொருள். நட்சத்திரம் என்றால் 25 பேர்கூட இல்லை, எனவே எண்ணையே போடவில்லை. செய்தியில் ஏறும்போது அடைப்புக்குறி உதிர்ந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பெற்றவர்கள் போன்ற வரிகளில் இது அடிக்கடி நடக்கும். பேட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளே ஒரு மாவட்ட மாதிரியில் மிகச் சிலர்தானே இருப்பார்கள்?

மாவட்ட எல்லையும் ஒரு சிக்கல். ஐந்தாம் சுற்று 2017 மார்ச் 31 அன்று இருந்த எல்லைகளைப் பின்பற்றியது. அன்று தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆகிய ஆறுக்கும் அதில் தனி எண் கிடையாது. வேலூர் என்று அதில் உள்ளது இன்றைய மூன்று மாவட்டங்கள் சேர்ந்த பழைய வேலூர். இன்றைய வேலூர் ஆட்சியரிடம் அந்த எண்ணுக்கு விளக்கம் கேட்பது முறையல்ல.

அதிகம் தவறாகப் படிக்கப்பட்ட எண் 1,020. இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள், முதன்முறையாகப் பெண்கள் மிஞ்சிவிட்டார்கள் என்று எல்லா மொழி இதழ்களும் எழுதின. தமிழ்நாட்டுக்கு 1,088. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டுக்கு 943, தமிழ்நாட்டுக்கு 996. பத்தாண்டில் இத்தனை ஆண்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை, முந்தைய இரவு வீட்டில் தங்கவில்லை. இந்த விகிதம் நேற்றிரவு அந்த வீட்டில் படுத்தவர்களை மட்டும் எண்ணுகிறது. லாரி ஓட்டுபவர், திருப்பூரில் தங்கி வேலை செய்பவர், துபாயில் இருப்பவர், ராணுவ முகாமில் உள்ளவர், விடுதி மாணவர் யாரும் அதில் வரமாட்டார்கள். வீடல்லாத இடங்கள் மாதிரியிலேயே சேராது. ஆண்கள் வெளியே போய் உழைக்கும் மாநிலத்தில் இந்த எண் ஏறத்தான் செய்யும்.

சிசேரியன் எண்ணிலும் இதே குழப்பம். தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் என்பது ஐந்தாண்டில் நடந்த எல்லாப் பிறப்புகளிலும். 63.8 என்பது தனியார் மருத்துவமனைப் பிறப்புகளில் மட்டும். இரண்டுக்கும் பகுதி வேறு. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும் கட்டுரைகள் வருகின்றன.

இனி, எண் களத்தில் எப்படிப் பிறக்கிறது என்பது. கிராமம், நகரமானால் கணக்கெடுப்பு வட்டம், மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்பில் தேர்வாகிறது. 300 வீட்டுக்கு மேல் இருந்தால் கிராமத்தைத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். பிறகு ஒரு குழு தெருத்தெருவாக நடந்து வரைபடம் போட்டு எல்லா வீட்டையும் பட்டியலிடும். பட்டியலில் 220 வீடு இருந்தால் பத்துக்கு ஒன்றாக 22 வீடு எடுக்கப்படும். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது, திரும்பத் திரும்ப வர வேண்டும். இந்த ஒரு விதி தளர்ந்தால் வேலைக்குப் போகும் பெண்கள் மாதிரியிலிருந்து கழன்று, எப்போதும் வீட்டில் இருப்பவர்களே மிஞ்சுவார்கள்.

வயது கேட்பதில்தான் அதிகம் சறுக்கும். "பிள்ளைக்கு அஞ்சு நடக்குது" என்றால் நிறைந்த வயது நான்கு. களப்பணியாளர் ஐந்து என்று எழுதிவிட்டால், ஐந்துக்குட்பட்ட குழந்தைகளுக்கான எடை, உயரம், தடுப்பூசிப் பக்கங்கள் எல்லாம் தாண்டிப்போகும். சில நேரம் வேண்டுமென்றே தாண்டவும் செய்வார்கள். அந்தப் பக்கங்கள் நீளமானவை, ஒரு குழந்தையின் பிறப்பைச் சில மாதம் பின்னுக்குத் தள்ளினால் அரைமணி நேரம் மிச்சம். 15 வயதுப் பெண் 14 ஆவதும் 49 வயதுப் பெண் 50 ஆவதும் இதே காரணத்தால்தான், ஏனெனில் 15 முதல் 49 வரைதான் பேட்டி. இதைப் பிடிக்க வயதுவாரியாக எண்ணிக்கையை அடுக்கிப் பார்ப்பார்கள். 14-ல் மேடும் 15-ல் பள்ளமும் தெரிந்தால் அந்தக் குழுவின் வேலை மறுபரிசீலனைக்கு வரும். பெரியவர்களின் வயது 40, 45, 50 என்று குவிவதை அளக்க ஒரு குறியீடு உண்டு: 23 முதல் 62 வயதுவரை உள்ளவர்களில் 0, 5-ல் முடியும் வயதுக்காரர்களைக் கூட்டி ஐந்தால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். குவியல் இல்லாவிட்டால் 100. எல்லாரும் 0, 5-லேயே சொன்னால் 500.

இறந்த குழந்தைகள் விடுபடுவது இன்னும் கொடிய பிழை, ஏனெனில் சிசு மரணம் குறைந்ததாகத் தோன்றிவிடும். அதனால்தான் கேள்விகள் வரிசையாக வரும்: உங்களோடு இருக்கும் பிள்ளைகள், வேறிடத்தில் இருக்கும் பிள்ளைகள், பிறந்து இறந்தவை. கடைசியாக, பிறந்து அழுதோ அசைந்தோ பிறகு தங்காமல் போன குழந்தை உண்டா என்று தனியாக ஒருமுறை. அவசரமாகவோ மாமியார் பக்கத்தில் நிற்கும்போதோ கேட்டால் பதில் வராது.

ஐந்தாம் சுற்றில் ரத்தசோகைக்கு விரல் நுனியில் குத்தி எடுத்த துளியே போதுமாக இருந்தது. முதல் துளிகளைத் துடைத்துவிட்டுத் தானாக ஊறும் துளியை எடுக்க வேண்டும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும்.

களத்திலிருந்து வந்த தரவு வளாகத்துக் கணினி அறையில் மாணவர் கைக்கு வரும்போது வேறு வகைப் பிழைகள் தொடங்கும். பிறந்த தேதி தேதியாக இருக்காது, 1900-லிருந்து எண்ணிய மாதமாக இருக்கும்: ஆண்டிலிருந்து 1900-ஐக் கழித்து 12-ஆல் பெருக்கி மாதத்தைக் கூட்ட வேண்டும். 2020 ஜனவரி என்றால் 1,441. மாதிரி எடையை, அதாவது ஒவ்வொருவரின் பதிலுக்கும் கணக்கில் எவ்வளவு மதிப்பு என்று காட்டும் எண்ணை, பத்து லட்சத்தால் வகுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். நாட்டுக்கு ஒரு எடை, மாநிலத்துக்கு ஒரு எடை. மாற்றிப் போட்டால் கணினி எந்தத் தவறும் சொல்லாது, விடை மட்டும் பிசகும். "தெரியாது" என்ற பதிலுக்குக் கொடுத்த 98-ஐ நீக்காமல் சராசரி எடுத்தால் 98 பிள்ளை பெற்ற தாயும் கிடைப்பார். வெளியான அறிக்கையில் உள்ள ஓர் அட்டவணையை முதலில் அப்படியே மீட்டெடுத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகே சொந்தக் கேள்விக்குப் போவது நல்ல பழக்கம். தமிழ்நாட்டின் 1.8 என்ற மொத்தக் கருவள விகிதத்தை (இப்போதைய பிறப்பு வேகமே நீடித்தால் ஒரு பெண் வாழ்நாளில் பெறக்கூடிய பிள்ளைகள்) எடுத்துக்கொண்டால், பேட்டிக்கு முந்தைய மூன்றாண்டுப் பிறப்புகளைத் தாயின் வயதுப்படி ஐந்தைந்து ஆண்டாக ஏழு பிரிவுகளாகப் பிரித்து, அந்தந்த வயதில் பெண்கள் வாழ்ந்த ஆண்டுகளால் வகுத்து, ஏழையும் கூட்டி ஐந்தால் பெருக்க வேண்டும். இதைக் கையால் ஒருமுறை செய்தவர், 1.8 என்பது இன்றைய பெண்கள் பெற்றுமுடித்த பிள்ளைகளின் சராசரி என்று எழுதமாட்டார்.

மும்பை நிறுவனத்தின் மக்கள்தொகையியல் படிப்புக்குத் தமிழ்நாட்டு மாணவர்கள் இன்னும் நிறையப் போக வேண்டும். புள்ளியியல், பொருளியல், சமூகவியல், புவியியல் படித்தவர்களுக்கு ஏற்ற துறை. கணக்கில் அச்சமில்லாமை போதும், மேதையாக வேண்டியதில்லை. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வரும் வளாகம் என்பதால் பாடமும் கருத்தரங்கும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்தவர்கள் போகும் முன்பே ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை எழுதிப் பழக வேண்டும். தெருவுக்கு இந்தியும் மராத்தியும். லோகமான்ய திலக் முனையத்தில் இறங்கினால் பக்கத்துத் திலக் நகர் நிலையத்திலிருந்து துறைமுகப் பாதையில் அடுத்தது செம்பூர், அதற்கடுத்தது நிறுவனத்துக்கு அருகிலுள்ள கோவண்டி. செம்பூரில் தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள், சேடா நகரில் முருகன் கோயில் இருக்கிறது, சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் குறைவிருக்காது. அதே தேவனாரில் நகரின் மிகப் பழைய குப்பைமேடும் அதை ஒட்டிய குடிசைப் பகுதிகளும் உள்ளன. நகர்ப்புறச் சிசு மரணத்தை அட்டவணையில் பார்க்கும் மாணவர், அது எந்தத் தெருக்களில் நிகழ்கிறது என்பதையும் நடைதூரத்தில் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் உள்ள மக்கள்தொகை ஆய்வு மையத்தை அறிந்துகொள்ளலாம். மத்திய சுகாதார அமைச்சகம் நிதியளிக்கும் 18 மையங்களில் அதுவும் ஒன்று.

உங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். மாவட்ட எண் போடும்போது எத்தனை பேரிடம் கேட்டது, எந்தக் காலத்துப் பிறப்புகள், எந்த ஆண்டின் எல்லை என்பதை ஒரே வரியில் கீழே சேருங்கள். அடைப்புக்குறி இருந்தால் அதை எடுக்காதீர்கள். ஐந்தாம் சுற்றின் மாதிரிச் சட்டகம், அதாவது ஊர்களைத் தேர்ந்தெடுக்க வைத்த முழுப் பட்டியல், 2011 கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அதன்பிறகு பேரூராட்சியாகவும் மாநகர விரிவாகவும் மாறிய இடங்கள் அதில் கிராமமாகவே நிற்கின்றன. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து புதிய சட்டகம் வரும்வரை, நகர்-கிராம ஒப்பீட்டுச் செய்திகளில் இதையும் அந்த வரியோடு சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மக்கள்தொகையியல் படித்த ஆய்வாளர்கள் சிலர்,
திண்டுக்கல்.