தலைப்பாகைக்குள் வந்த தூது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆப்கானிஸ்தானில் நடந்த அரசியல் கொலைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பெயர், தேதி எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு கொலைக்கும் ‘பாதுகாப்புக் குறைபாடு’ என்று ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் கட்டுரையாளர். புர்ஹானுத்தீன் ரப்பானி விஷயத்தில் அது போதாது.

முன்னாள் அதிபரான ரப்பானி, அப்போது தாலிபான்களோடு சமாதானம் பேச அரசு அமைத்த உயர் சமாதானக் கவுன்சிலின் தலைவர். வெளிநாடு போயிருந்தவர் காபூலுக்குத் திரும்பியதே, தாலிபான்களிடமிருந்து ஒருவர் செய்தியோடு வந்து காத்திருக்கிறார் என்று சொன்னதால்தான். அந்த ஆள் சில நாட்களாகக் கவுன்சிலின் விருந்தினர் விடுதியிலேயே தங்கியிருந்தான். 2011 செப்டம்பர் 20 அன்று ரப்பானியின் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். முகமன் சொல்லக் குனிபவன்போலத் தலையை அவர் மார்பருகே கொண்டுபோனான். குண்டு தலைப்பாகைக்குள் இருந்தது.

இதற்குக் காவலர்களை மட்டும் திட்டி என்ன பயன்? இரண்டு மாதம் முன்புதான், ஜூலையில், காந்தஹார் மேயர் குலாம் ஹைதர் ஹமீதி இதே மாதிரி தலைப்பாகைக் குண்டுக்குப் பலியாகியிருந்தார். ஆபத்து தெரியாமலில்லை. ஆனால் வீடு தேடி வந்தவரின் தலைப்பாகையைத் தொட்டுச் சோதிப்பது அங்கே அவமரியாதை. அதுவும் சமாதானம் பேச வந்தவரை! கொலையாளிகள் கணக்குப் போட்டதே இந்த மரியாதையை நம்பித்தான். 2001 செப்டம்பரில், தாலிபான்களை எதிர்த்துப் போரிட்ட தளபதி அகமது ஷா மசூதைக் கொன்றவர்களும் பேட்டி எடுக்க வந்த செய்தியாளர்களாக, கேமராவும் கையுமாகத்தான் உள்ளே போனார்கள். ஸ்ரீபெரும்புதூரில் மாலையோடு நின்ற பெண்ணை நாமும் மறந்துவிடவில்லை.

ரப்பானியை உத்தமராக்க நான் எழுதவில்லை. 1992-க்குப் பிறகு காபூலைச் சின்னாபின்னமாக்கிய உள்நாட்டுச் சண்டையில் அவர் தரப்புக்கும் பங்குண்டு. ஆனால் அவர் கொலையின் விலையைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். அதிபர் கர்சாய் தாலிபான்களுடனான பேச்சு முயற்சியை நிறுத்தினார். காபூல் பாகிஸ்தானைக் கைகாட்ட, பாகிஸ்தான் மறுக்க, அந்தச் சண்டை தனியாக ஓடியது. 2012 டிசம்பரில் உளவுத்துறைத் தலைவர் அசதுல்லா காலித்தைத் தாக்கியவனும் சமாதானத் தூதன் என்று சொல்லிக்கொண்டு உடம்பில் குண்டோடு வந்தவன்தான். அவர் படுகாயத்தோடு பிழைத்தார். அப்புறம் எந்த அதிகாரிக்கு இன்னொரு தூதனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைக்கத் துணிச்சல் வரும்? நிஜமாகவே பேச நினைத்தவன் எவனாவது இருந்திருந்தால் அவனையும் சேர்த்துத்தான் அந்தக் குண்டு வாசலிலேயே நிறுத்திவிட்டது.

கட்டுரையின் தொடர்ச்சி வருமானால் ஒரு வேண்டுகோள். 2012-ல் அதே கவுன்சிலுக்குத் தலைவராக வந்தவர் ரப்பானியின் மகன் சலாஹுத்தீன். அப்பாவைக் கொன்ற அதே வழியில் வரும் தூதர்களோடு பேச வேண்டிய நாற்காலி அது. அதில் உட்கார்ந்து அவரால் எது முடிந்தது, எது முடியவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். எத்தனை மெட்டல் டிடெக்டர் வைத்தார்கள் என்ற கணக்கு எங்களுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்