அது ஆஃப்சைடு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். மதுரையில் பெண்கள் கால்பந்துக்கு இவ்வளவு இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் வெற்றி கோலை 'சர்ச்சைக்குரிய ஆஃப்சைடு கோல்' என்று எழுதிவிட்டீர்கள். சொந்த ஆள் பந்தைத் தருகிற நொடியில், எதிரணியில் கீப்பர் ஒருவர் மட்டுமே முன்னால் இருக்கும்படி பந்தையும் தாண்டி நிற்பவர் அதை வாங்கினால், அதுதான் ஆஃப்சைடு. அதில் சர்ச்சைக்கு இடமே இல்லை. பந்து த்ரோவில் இருந்து, அதாவது ஓரக் கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கையால் எறிந்து உள்ளே அனுப்புவதில் இருந்து, வந்தது. த்ரோ எறிந்த பந்து நேராக யாரிடம் வருகிறதோ, அவருக்கு ஆஃப்சைடே கிடையாது. எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நின்றாலும் சரி, கோல் கீப்பரை உரசிக்கொண்டு நின்றாலும் சரி. கார்னருக்கும் கோல் கிக்குக்கும் இதே விதிதான். நடுவில் சொந்த அணிக்காரர் ஒருவர் தலையால் தட்டிவிட்டிருந்தால் கதை வேறு. இங்கே பந்து தரையில் ஒருமுறை குத்தி நேராக 9-ம் எண் பெண்ணிடம் போனது. பந்தலில் இருந்தவர்கள் போட்ட சத்தத்துக்கு அசையாமல் கொடியைக் கீழேயே வைத்திருந்த லைன் நடுவர் செய்ததுதான் சரி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெயித்த அணியில் இரண்டு பேர் எங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்துப் போனேன். ஆகவே எனக்கு ஒருபக்கச் சாய்வு உண்டுதான். விதிக்கு அது கிடையாதே.

அந்த த்ரோவைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். எறிந்தவர் வலது பேக், அதாவது வலது ஓரத்தில் நின்று தடுக்கிறவர், 4-ம் எண். பள்ளி நாளில் ஈட்டி எறிந்தவர். கால்பந்தில் ஒரு கையால் எறிய முடியாது. இரண்டு கையாலும், தலைக்குப் பின்னால் இருந்து கொண்டுவந்து, இரண்டு காலும் தரையில் பட நின்று எறிய வேண்டும். அதனால் ஈட்டிக்காரியின் தோள் வலுவில் பாதி இங்கே வீண்தான். ஆனால் ஓடிவருகிற தாளம், கடைசி எட்டில் முன்காலைக் குத்தி நிறுத்துவது, இடுப்பைப் பின்னால் வளைத்து மொத்த உடம்பையும் முன்னே வீசுவது, இதெல்லாம் அப்படியே கைகொடுக்கிறது. கோட்டுக்கு வெளியே ஐந்தாறு எட்டு ஓடிவந்து எறிந்தாரென்றால் பந்து கோல்முகத்தில் போய் விழுகிறது. எதிரணிப் பக்கம் எந்த ஓரத்தில் த்ரோ கிடைத்தாலும், இடது ஓரமாகவே இருந்தாலும், மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடிப்போய் இவர்தான் எறிந்தார். உங்கள் நிருபர் இதைக் கவனித்திருந்தால் 'அதிர்ஷ்டவசமாகக் கிடைத்த வாய்ப்பு' என்று எழுதியிருக்க மாட்டார். முதல் பாதியிலேயே இரண்டு முறை இதே வேலையைச் செய்து பார்த்தார்கள். ஒன்றைக் கீப்பர் குத்தித் தள்ளினார், இன்னொன்று யாருக்கும் எட்டாமல் வெளியே போனது. இரண்டு தடவையும் அந்த 9-ம் எண், எல்லோருக்கும் பின்னால், தூரத்துக் கம்பத்தை ஒட்டித் தனியாகத்தான் நின்றிருந்தார். எதிரணியின் பேக்குகள் 'இவள் ஆஃப்சைடுதானே' என்று பழக்கதோஷத்தில் அவரை விட்டுவிட்டு முன்னே ஏறினார்கள். மூன்றாவது தடவை கோல்.

கீப்பர் ஏன் அந்தப் பந்தை விட்டார் என்று கேட்டால் அதற்கும் காரணம் உண்டு. அந்த மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆட்டம் தொடங்கியது மூன்றரை மணிக்கு. டாஸ் ஜெயித்த எங்கள் பிள்ளைகளின் அணிக் கேப்டன், பந்தை எடுக்காமல் பக்கத்தைக் கேட்டு வாங்கினார். 2019-ல் விதி மாறியதில் இருந்து டாஸ் ஜெயித்தவர் முதல் உதையையே எடுத்துக்கொள்ளலாம், நிறையப் பேர் யோசிக்காமல் அதைத்தான் கேட்கிறார்கள். இவர் வெயில் முகத்துக்கு எதிரே இருக்கிற கிழக்குக் கோலை முதல் பாதிக்குத் தன் கீப்பருக்கு வாங்கிக் கொடுத்தார். பந்தலில் என் பக்கத்தில் இருந்த ஒருவர் 'பாவம், தெரியாம எடுத்துட்டா' என்றார். மூன்றரை மணிக்குச் சூரியன் உச்சியில் இருந்து இறங்கியிருந்தாலும் கண்ணுக்கு நேரே வந்துவிடவில்லை. ஐந்து மணிக்கு அது மரத்துக்கு மேலே, நேர் எதிரே நிற்கும். இடைவேளையில் பக்கம் மாறிவிட்டதால், அந்த நேரத்தில் கிழக்குக் கோலில் நின்றது எதிரணிக் கீப்பர். புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டுதான் கடைசி அரைமணி நேரமும் ஆடினார், பாவம் அவர்தான்.

நம் பக்கத்துக் கல்லூரி அணிகளில் முக்கால்வாசிப் பேர் பள்ளியில் கால்பந்து ஆடியவர்கள் இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு இருப்பது கபடி, கோகோ, வாலிபால், தடகளம். கல்லூரிக்கு வந்த பிறகு 'கால்பந்து டீமுக்கு ஆள் குறையுது, வா' என்று இழுத்துப் போடுவார்கள். அதில் யாரிடம் என்ன கைச்சரக்கு இருக்கிறது என்று பார்த்து எங்கே நிறுத்துவது என்பதுதான் கோச்சின் பாதி வேலை. இந்த அணியின் கோச் அதைச் சரியாகச் செய்திருக்கிறார்.

கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற 5-ம் எண் ஸ்டாப்பர் பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கபடியில் கார்னரில் நின்று கால் பிடித்தவர், எங்கள் பிள்ளை. புதிதாகப் பேக் ஆடுகிறவர்கள் செய்கிற தப்பு, பந்தோடு வருகிறவரைப் பார்த்ததும் பாய்ந்துவிடுவது. பாய்ந்தால் போச்சு, ஒரு தட்டில் தாண்டிப் போய்விடுவார்கள். இந்தப் பெண் பாய்வதே இல்லை. ரெய்டு வந்தவர் திரும்புகிற நொடிக்காகக் காத்திருக்கிற அதே நிதானத்தோடு, முழங்காலை மடக்கி, அரை அடி அரை அடியாகப் பின்னால் போகிறார். எதிராளி பந்தைக் காலில் இருந்து கொஞ்சம் நீட்டித் தட்டியதும் காலை விட்டு எடுத்துவிடுகிறார். ஆட்டம் முழுக்க ஒரே ஒரு ஃபவுல்தான் செய்தார் என்று நினைக்கிறேன், அதுவும் நடுக்கோட்டுப் பக்கம்.

இடது விங்கில் ஆடிய 11-ம் எண் கோகோ பெண். கோகோவில் விரட்டுகிறவர் ஓடத் தொடங்கிய திசையை மாற்றக் கூடாது, தப்பி ஓடுகிறவர் எப்படி வேண்டுமானாலும் திரும்பலாம். இவர் தப்பி ஓடுவதில் பேர் வாங்கியவர். ஓடுகிற ஓட்டத்தில் இடுப்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் போகிறார். வேகத்தில் அவரைவிட எதிரணியின் வலது பேக் ஒரு படி மேலேதான், ஆனாலும் பிடிக்க முடியவில்லை. குறை என்னவென்றால், இவ்வளவு செய்து ஓரத்துக்குப் போன பிறகு, அங்கிருந்து கோல்முகத்துக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்க, அதாவது கிராஸ் போடத் தெரியவில்லை. இடது காலில் பலமில்லை. பாதிப் பந்து கோலுக்குப் பின்னால்தான் போய் விழுந்தது. இதைச் சொன்னால் கோபப்படுவார், பரவாயில்லை.

இந்த அணியின் கீப்பர் வாலிபால்காரி. பெண்கள் ஆட்டத்துக்கும் கோல் கம்பம் அதே அளவுதான், 24 அடி அகலம், 8 அடி உயரம். குட்டையான கீப்பர் இருந்தால் தூரத்தில் இருந்தே தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இவர் உயரப் பந்துக்கு எழும்புகிற எழும்பலைப் பார்த்த பிறகு எதிரணி அந்த முயற்சியைக் கைவிட்டது. காலில் பந்து வந்தால் மட்டும் தடுமாறுகிறார். சொந்த ஆள் காலால் வேண்டுமென்றே திருப்பிக் கொடுக்கிற பந்தை 1992-ல் இருந்து கீப்பர் கையால் தொடக் கூடாது. ஆகவே அப்படி வந்த பந்தையெல்லாம் வெளியே உதைத்துத் தள்ளினார். அழகில்லைதான், ஆபத்தும் இல்லை.

தோற்ற அணிக்கு உங்கள் செய்தியில் ஒரே ஒரு வரி. உண்மையில் மைதானத்தில் பந்தை நன்றாக ஆடியவர் அவர்களுடைய 6-ம் எண்தான். பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் மேல் திரும்பிப் பார்த்து வைத்துக்கொள்கிறார். அதனால் பந்து வந்ததும் யோசிக்க வேண்டியதில்லை. ஜெயித்த அணியின் இடது பேக் வலது காலுக்காரி, எப்போதும் உள்பக்கமாகவே திரும்புகிறார் என்பதைக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அந்த இடது பேக்கின் வெளித்தோள் பக்கமாகத் தூக்கிக் கொடுத்த பாஸில்தான் அவர்களுடைய ஒரே கோல் வந்தது. ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை என்று கேட்டிருந்தால் அந்தப் பெண்ணைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்புறம், கடைசி இருபது நிமிடம் 'தற்காப்பில் இறங்கிச் சலிப்பூட்டினர்' என்று ஒரு வாக்கியம். ஜெயித்த அணி அழைத்து வந்தது மொத்தம் 13 பேர். விதிப்படி ஐந்து பேரை மாற்றலாம், மாற்ற ஆள் வேண்டுமே! அந்த இரண்டு பேரையும் இடைவேளைக்குள் இறக்கியாகிவிட்டது. வெயிலில் செம்மண் தரை பாறையாகக் கிடக்கிறது. இந்த நிலையில் ஒரு ஃபார்வர்டைக் கீழே இறக்கி நடுவில் ஐந்து பேராக்கி, 6-ம் எண்ணின் மேல் ஒரு ஆளை ஒட்ட வைத்ததுதான் புத்தி. அதற்குப் பிறகு அவர் ஒரு நல்ல பாஸ்கூடக் கொடுக்கவில்லை. நான் கோச்சாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

செய்தியில் மீதி இடமெல்லாம் 9-ம் எண்ணின் வீட்டைப் பற்றி. அப்பா கூலி, அம்மா நூறு நாள் வேலை, ஓட்டு வீடு. எல்லாம் உண்மைதான். ஆனால் ஆண்கள் ஆட்டம் நடந்தால் யார் எங்கே ஆடினார், எந்த நிமிடத்தில் யாரை மாற்றினார்கள் என்று எழுதுகிறீர்கள். பெண்கள் ஆடினால் வீட்டுக் கூரையை எழுதுகிறீர்கள். அந்தப் பெண் தூரத்துக் கம்பத்தில் தனியாக நிற்பதற்கு எத்தனை சாயங்காலம் பழகியிருப்பார்! அதையும் நாலு வரி எழுதலாமே.

நம் ஊர் வாசகருக்கு இதெல்லாம் புரியாது என்று நினைக்க வேண்டாம். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரையும் 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் வென்று தேசிய சாம்பியன் ஆனது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. 2019-ல் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று அடித்தது நம்ம தமிழ்நாட்டுக் கிளப் சேது எஃப்.சி. அதையெல்லாம் பார்த்தவர்கள்தான் இங்கே இருக்கிறார்கள்.

ஆஃப்சைடு விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிடுங்கள். கோல் போட்ட பெண் அந்தச் செய்தியை வெட்டித் தன் ஃபைலில் வைத்திருக்கிறார், வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம் அதைத்தான் காட்டுவார். இரண்டு அணிகளின் முழுப் பட்டியலையும், யார் எந்த இடத்தில் ஆடினார் என்பதோடு, அடுத்த போட்டியில் இருந்தாவது போடுங்கள். நிருபர் வரும்போது சிறப்பு விருந்தினர் பந்தலில் உட்கார வைத்தால் மறுத்துவிட்டுக் கோலுக்குப் பின்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள். நாற்காலி இருக்காது, ஆனால் யார் யாரை விட்டுவிட்டு முன்னே ஏறுகிறார்கள் என்பது அங்கே இருந்து நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை,
மேலூர்