நோலன் ஐயா, அவருக்கு பாஸ் யார் கொடுத்தார்கள்?

மதிப்பிற்குரிய இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் அவர்களுக்கும், கூடச் சேர்ந்து திரைக்கதை எழுதிய தம்பி ஜொனாதன் அவர்களுக்கும்,

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வணக்கம்.

போன ஓண லீவில் எங்கள் ஊர் நூலகமான வாயனசாலையில் திரை கட்டி, உங்கள் பேட்மேன் படங்கள் மூன்றையும் அடுத்தடுத்த ராத்திரிகளில் போட்டார்கள். மூன்றாவது படமான 'தி டார்க் நைட் ரைசஸ்'இல், வில்லன் பேன் முதுகை முறித்து அடைத்துவைத்த கிணற்றுச் சிறையிலிருந்து ஏறி வெளியே வந்த புரூஸ் வெய்ன், அதாவது பேட்மேன், கொஞ்ச நேரத்தில் அதே வில்லன் பூட்டிவைத்திருக்கும் கோத்தம் நகரத்துக்குள், திருடி செலினா முன்னால் வந்து நிற்கிறார். காய்கறி வண்டி ஓட்டுகிற ஒரு அண்ணன் பின்வரிசையிலிருந்து சத்தமாகக் கேட்டார்: "ஏனுங்க, இவருக்கு பாஸ் யாருங்க குடுத்தாங்க?" கூட்டமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2012இல் கோயம்புத்தூர் போய்ப் பார்த்தபோதே உறுத்திய கேள்வி அது. கேட்டால், "அவர் பேட்மேன்ப்பா" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுகிறார்கள் உங்கள் ரசிகர்கள். அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன்.

எல்லையை மூடுவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். இங்கே பலருக்கு வீடு கேரளாவில், தோப்பு தமிழ்நாட்டில். 2020இல் ஊரடங்கு வந்ததும் தினமும் டீ குடிக்கப் போய்வந்த வேலந்தாவளம் ரோடு வெளிநாடாகிவிட்டது. மே மாதம் வாளையார் சோதனைச்சாவடியில் பாஸ் இல்லாமல் வந்து மாட்டிக்கொண்டவர்கள் வெயிலில் நின்றார்கள். பொள்ளாச்சியில் என் பெரியம்மா இறந்தபோது அம்மாவுக்காக இ-பாஸ் விண்ணப்பித்தேன். ஆதாரைப் படமெடுத்து ஏற்றினால் ஓடிபி வராது, ஓடிபி வந்தால் தளம் திறக்காது. கடைசியில் காரணம் எதுவும் சொல்லாமல் நிராகரித்தார்கள். கூடப்பிறந்த அக்காவின் முகத்தை அம்மா போனில்தான் பார்த்தார். போனை எங்கள் சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்திருந்தோம், அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

இத்தனைக்கும் அது வெறும் தடுப்புக் கம்பி. உங்கள் கோத்தமிலோ பாலங்களையே தகர்த்திருக்கிறான் பேன். மிச்சம் வைத்த ஒற்றைப் பாலத்தின் மறுமுனையில் ராணுவம். யாராவது வெளியேறினால் குண்டு வெடிக்கும் என்று மிரட்டல் வேறு. புரூஸிடம் காசு கிடையாது, பங்குச்சந்தைத் தாக்குதலோடு சொத்து முழுக்கப் போயிற்று. பாஸ்போர்ட்டுக்கும் வழியில்லை. சிறை எந்த நாட்டில் என்று நீங்கள் சொல்லவில்லை. வெளிக்காட்சியை எடுத்தது ஜோத்பூரில், பின்னால் மெஹ்ரான்கர் கோட்டை தெரிகிறது. அங்கேயிருந்து கண்டம் தாண்டி, ராணுவம் தாண்டி, ஆறு தாண்டி ஒரு மனிதர் எப்படி வந்தார்? அந்த வழியைக் காட்டுங்கள். ஒரு நிமிஷம் போதும்.

வழி காட்டத் தெரியாத ஆளாக நீங்கள் இருந்திருந்தால் நான் இந்த மடலே எழுதமாட்டேன். 2005இல் வந்த முதல் படத்தில் முகமூடி வாங்கிய கதையைக்கூடச் சொன்னீர்கள். ஒன்று மட்டும் வாங்கினால் சந்தேகம் வரும், எனவே 10,000 ஆர்டர் கொடுக்கலாம் என்று அவர் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் கணக்குப் போடுகிறார். 2008 படத்தில் ரௌடிகளின் கணக்காளர் லாவைப் பிடிக்க ஹாங்காங் போகவேண்டும். ரஷ்ய பாலே குழுவோடு படகில் உல்லாசம் என்று ஊரை நம்பவைத்து, கடல் விமானத்தில் ஏறிப் போய், திரும்பும்போது தாழப் பறந்த விமானத்தில் கயிறு மாட்டி லாவைத் தூக்கி வருகிறார். போனதும் தெரிந்தது, வந்ததும் தெரிந்தது. பேட்மேன் என்றால் பணமும் மூளையும் ஏற்பாடும் சேர்ந்தது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே. அந்த மூன்றில் பணத்தைப் பறித்துவிட்ட பிறகு மூளை என்ன செய்யும் என்று பார்க்கத்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சரியாக அந்த இடத்தில் கத்தரி போட்டுவிட்டீர்கள்.

மூன்றாவது படத்தில் புரூஸின் முழங்காலில் ஜவ்வே இல்லை என்று டாக்டர் சொன்னதும், அதற்கு மாட்டிய இயந்திரப் பட்டையும் சிறைக்குள் போனதும் மறந்துபோயின. முறிந்த முதுகுக்கு என்ன வைத்தியம்? கயிற்றில் தொங்கவிட்டு ஒரு குத்து! எண்ணெய் தேய்த்து நீவும் உழிச்சலுக்கு வாரக்கணக்கில் முறை போட்டுக் காத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் வைத்தியர்களை என்ன செய்வார்களோ. படம் நெடுக மலைபோல வளர்த்த பேன், உண்மையான வில்லி தாலியா வாயைத் திறந்ததும் மெய்க்காப்பாளனாகச் சுருங்கி, ஒரே குண்டில் முடிந்துபோகிறான். இரண்டாவது படத்தில் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் மறைந்த பிறகு எடுத்த இந்தப் படத்தில் ஜோக்கரைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன், குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். நகரம் சாம்பலாக ஒரு நாள்கூட மீதமில்லை. அந்த ராத்திரியிலும் பாலத்தின் மேல் நெருப்பால் வௌவால் வரைய அவருக்கு நேரம் கிடைக்கிறது. ஊர் வந்த வழியைச் சொல்லத்தான் இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் இடமில்லை, அப்படித்தானே?

எங்கள் ஹீரோ ஒரே பாட்டில் பணக்காரனானால் "காதுல பூ சுத்துறாங்க" என்று சிரிக்கிற அதே மேதாவிகள், உங்கள் ஹீரோ ஒரே வெட்டில் கடல் தாண்டினால் "எடிட்டிங் பார்த்தியா" என்கிறார்கள். எங்கள் ஆளாவது அந்தப் பாட்டில் பால் கறக்கிறான், பேப்பர் போடுகிறான், லாரி வாங்குகிறான். உழைப்பைக் காட்டிவிடுகிறோம் ஐயா.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்துக்கு வருகிறேன். ஹோமரின் ஒடிஸியை 2026 ஜூலையில் வெளியிடுவதாக அறிவித்தீர்கள். டிராய் போர் 10 வருஷம், அது முடிந்து வீடு வந்து சேர இன்னொரு 10 வருஷம். வழியை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் மிச்சம் என்ன இருக்கிறது? அதன் நாயகன் ஒடிஸியஸையும் ஒரே வெட்டில் அவன் ஊரான இத்தாக்காவில் இறக்கிவிடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன்.

பழைய படத்தை என்றைக்காவது மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தால் அந்த ஒரு நிமிஷத்தைச் சேர்க்க முடியுமா என்று தயவுசெய்து பாருங்கள். முடியாதென்றால் ஒரு வரி எழுதினாலும் சரி. சரக்குக் கப்பலில் ஒளிந்து வந்தாரா, உறைந்த ஆற்றின் மேல் நடந்து வந்தாரா, எதைச் சொன்னாலும் நம்பிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து உங்கள் பழைய ரசிகன்